சுருக்குன்னா வேற, விண்ணுன்னா வேற

டாக்டரம்மா முதலில் மின்விசிறியை நிறுத்துவார். அதற்குப் பிறகுதான் நோயாளியின் பக்கம் திரும்புவார்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய கிளினிக் இருந்தது. மாடியில் தையல் கடை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தலைக்கு மேலே மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அதை அவரால் நிறுத்த முடியாது, விசிறியை நிறுத்தலாம். சித்திரை வெயிலாக இருந்தாலும் நிறுத்திவிடுவார். எதிரே இருப்பவருக்கு நெற்றி வேர்த்து ஒழுகும். அவருக்கும் ஒழுகும். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்பார்.

"எப்படி வலிக்கு?"

"ரொம்ப வலிக்கு டாக்டரம்மா."

"வலிக்குன்னு தெரியுது. வலிக்கலன்னா நீ ஏன் இங்க வாரே? எப்படி வலிக்குன்னு கேக்குதேன். சத்தமாச் சொல்லு."

புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில் ஏமாந்துவிடுவார்கள். காது மந்தமான டாக்டர் போலிருக்கிறது என்று நினைத்து, "முட்டு வலிக்கும்மா" என்று சந்து முனை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவார்கள். வெளியே பெஞ்சில் இருக்கிற பழைய ஆட்கள் சிரிப்பார்கள். டாக்டரம்மா சிரிக்க மாட்டார்.

"கத்தச் சொல்லல. அந்த வலி என்ன சத்தம் போடுதுன்னு சொல்லு. சுருக்கு சுருக்குங்குதா, விண்ணு விண்ணுங்குதா, கடுகடுங்குதா?"

கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பதில் வரும்வரை திறக்க மாட்டார்.

நான் அங்கே லேப் டெக்னீஷியனாக இருந்தேன். அவர் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புத்தான். மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்கும்போது ஊரின் வலி எல்லாம் என் காதில் விழும். அவருடைய பெயர் வாசல் போர்டில் இருந்தது. வெயில்பட்டு வெளிறிப்போய், இனிஷியலும் கடைசி எழுத்தும் மட்டும் மிஞ்சியிருந்தன. யாரும் அதைப் புதுப்பிக்கச் சொல்லவில்லை. எல்லோருக்கும் டாக்டரம்மாதான்.

ஐம்பதை நெருங்கிய வயது. ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்ச். கரகரத்த குரல். சொந்த ஊர் விளாத்திகுளம் தாண்டி உள்ளே ஒரு கிராமம்; மிளகாய் வத்தலும் பருத்தியும் போடுகிற குடும்பம். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். கணவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்தார்; சனிக்கிழமை வருவார். கோபம் சட்டென்று வந்து சட்டென்று போகும். மாத்திரையை நேரத்துக்குப் போடாதவர்களை நிற்க வைத்து வைவார். வைது முடித்ததும், "சாப்பிட்டியா?" என்பார்.

அவருடைய அந்தக் கேள்விக்குச் சந்தே பழகிப்போயிருந்தது. தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்கள் விரல் நுனியைக் காட்டி, "நமநமங்குதும்மா" என்பார்கள். வத்தல் காம்பு கிள்ளிவிட்டு வருகிறவர்களுக்குத் திகுதிகு. பல்லுக்குக் கடுகடு, கட்டிக்கு விண்விண், தலை சுற்றினால் கிர்ர், பயந்தால் திக். ஒரு பேங்க் மேனேஜர் வந்து, "சிவியர் பெயின் டாக்டர்" என்றார். "அது லீவு லெட்டருக்குச் சரி. உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார். அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், "கொடகொடங்குது" என்றார். எனக்குத் தடுப்புக்கு இந்தப்பக்கம் சிரிப்பை அடக்க முடியவில்லை. டாக்டரம்மா, "சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எந்தச் சத்தத்தைக் கேட்டும் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து ஆடு மேய்க்கிற ஒருவர் வருவார். உடம்பைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிற மனிதர். ஒருநாள் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணுமில்லம்மா. உள்ளுக்குள்ள ஆடு முட்டுதாப்ல இருக்கு."

"ஆட்ட விடுங்க அண்ணாச்சி. சத்தம் சொல்லுங்க."

வெகுநேரம் யோசித்தார். பிறகு, "கபுக்கு" என்றார். "கபுக்குன்னு பிடிக்கும். விட்டுரும்."

டாக்டரம்மா கண்ணைத் திறந்தார். "எப்ப பிடிக்கு?"

"மேட்டுல ஏறும்போது. நின்னா அதுவும் நின்னுரும்."

அன்றைக்கே அவரை ஆள் போட்டுத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார். இதயத்தில் அடைப்பு இருந்தது. பிழைத்து வந்து, அதற்குப் பிறகு தும்மினால்கூட ஒரு சத்தம் சொல்லிக்கொண்டு வர ஆரம்பித்தார்.

இன்னொரு தடவை, டாக்டரம்மாவின் ஊர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். விலாவைப் பிடித்துக்கொண்டு "கலுக்குமண்டுந்தி" என்றாள். முன்னறையில் இருந்த நர்ஸ் அதை வயிற்றுக் கலக்கல் என்று எடுத்துக்கொண்டு, உப்பு சர்க்கரைக் கரைசலைக் கலக்கவே ஆரம்பித்துவிட்டாள். டாக்டரம்மா அதைக் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

"கலக்கலுக்கும் கலுக்குக்கும் சம்பந்தமில்ல புள்ள. கலுக்குன்னா திடீர்னு ஊசி வெச்சுக் கொத்தி எடுத்தாப்ல. நீ கேட்டது தமிழ். அவ சொன்னது வேற."

ஸ்கேனில் பித்தப்பைக் கல் தெரிந்தது. அன்று முழுக்க டாக்டரம்மா நல்ல மனநிலையில் இருந்தார். டீ குடிக்கும்போது என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டார்.

"நான் காலேஜ்ல படிக்கும்போது வலிக்கு இருக்குற இங்கிலீஷ் பேரெல்லாம் மனப்பாடம் பண்ணினேன் செல்வி. வார்டுக்குப் போனா ஒரு நோயாளியும் அந்தப் பேரோட வரல. நம்ம கரிசக்காட்டுல வலிக்குப் பேரு கிடையாது. சத்தந்தான் உண்டு."

"எல்லா ஊர்லயும் அப்படித்தானாம்மா?"

"என் கூடப் படிச்சவ ஒருத்தி ஜப்பான்ல இருக்கா. அங்க குத்துற வலிக்குச் சிக்கு சிக்கும்பாங்களாம். நம்ம சுருக்கு சுருக்குக்குப் பெரியம்மா மகன் மாதிரி இல்ல? விண்ணு விண்ணுக்கு ஜுக்கி ஜுக்கியாம்." சொல்லிவிட்டுத் தானே ஒருமுறை நெற்றிப்பொட்டில் விரலை வைத்து, "ஜுக்கி, ஜுக்கி" என்று சொல்லிப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு" என்றார்.

அவரிடம் ஒரு விளையாட்டு இருந்தது. மேஜையில் ஒரு வேலமுள்ளையும் ஒரு உருண்டைப் பஞ்சையும் வைப்பார். "இதுல ஒண்ணுக்குப் பேரு கிட்டி, ஒண்ணுக்குப் பேரு மூமு. எது எது?" என்பார். யாரும் தப்பாகச் சொன்னதில்லை. முள்தான் கிட்டி. பஞ்சுதான் மூமு. படித்தவர், படிக்காதவர், பால்குடி மறந்த பிள்ளை, எல்லோரும் அதையே சொன்னார்கள். வடநாட்டிலிருந்து மில் வேலைக்கு ஆட்கள் வர ஆரம்பித்த சமயம் அது. ஒரு கும்பலாகத் தடுப்பூசிக்கு வந்த பையன்களிடமும் முள்ளையும் பஞ்சையும் காட்டினார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாதவர்கள். அவர்களும் முள்ளைத் தொட்டுக் "கிட்டி" என்றார்கள்.

டாக்டரம்மாவின் முகத்தில் அன்று இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "பாத்தியா, சத்தத்துக்கு ஊரு கிடையாது" என்றார். அதை அவர் உண்மையிலேயே நம்பினார்.

பிர்ஜு வந்தது அதற்குப் பிந்திய ஆடி மாதத்தில். காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. பெஞ்சு நிறையக் கண்வலியும் இருமலும். பிர்ஜு பீகார்க்காரர், நாற்பதைத் தாண்டியவர், நூல் மில்லில் வேலை. கூட வந்த சூப்பர்வைசர், "கை வலியாம் டாக்டர். ஷிப்டுக்கு நேரமாச்சு, சீக்கிரம் பாத்து விடுங்க" என்றார்.

டாக்டரம்மா வழக்கம்போல விசிறியை நிறுத்தினார். சூப்பர்வைசரைப் பேசவிடாமல் கையமர்த்திவிட்டு, பிர்ஜுவிடம் தன் கையையே காட்டிச் சைகையில் கேட்டார். எப்படி?

பிர்ஜு வலது கையை இடது கையால் தூக்கி மேஜையில் வைத்தார். "சுன்" என்றார். "சுன்... சுன்."

டாக்டரம்மா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு தன் விரலால் காற்றைச் சுண்டிக் காட்டினார். "சுண்டுதா? சுண் சுண்ணுன்னு?"

பிர்ஜு தலையாட்டினார். புதிய ஊரில் டாக்டர் எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற மனிதர் அவர். டாக்டரம்மா மணிக்கட்டை அழுத்தியதும் முகத்தைச் சுளித்தார். நாள் முழுக்க மிஷினில் நிற்கிற கை, நரம்பு பிடித்திருக்கிறது என்று டாக்டரம்மா மாத்திரையும் தைலமும் கொடுத்து, இரண்டு நாள் வேலைக்கு விடாதீர்கள் என்று சூப்பர்வைசரிடம் கண்டிப்பாகச் சொன்னார். பிரஷர் பார்க்கவில்லை. கை வலிக்கு யார் பார்ப்பார்கள்? வெளியே பெஞ்சில் அவ்வளவு கூட்டம்.

மறுநாள் காலை ஹாஸ்டல் குழாயடியில் பிர்ஜு விழுந்துவிட்டார். அவருடைய தம்பி சுக்தேவ் ஒரு ஆட்டோவில் அவரைத் தூக்கிப்போட்டுக்கொண்டு கிளினிக்குக்கே வந்தான். வாய் ஒருபக்கமாகக் கோணியிருந்தது. வலது கையும் காலும் தொங்கின. பேச்சு இல்லை. டாக்டரம்மா ஒரு கணம்தான் பார்த்தார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் ஏறி உட்கார்ந்துகொண்டார். என்னையும் வரச் சொன்னார்.

திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில், மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சு வருமா என்று இப்போது சொல்ல முடியாது. முந்தின நாளே ஏதாவது அறிகுறி இருந்ததா என்று ஒரு இளம் டாக்டர் கேட்டார். வராந்தாவில் சுக்தேவ் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அவனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

"நேத்து சொல்ச்சே மேடம். கை சுன் ஆய்ச்சி சொல்ச்சே."

"சுன்னுன்னா சுண்டுறதுதான?"

அவனுக்கு அது புரியவில்லை. யோசித்தான். தன் வலது கையைத் தொங்கவிட்டு, இடது கையால் அதைக் கிள்ளிக் காட்டினான். முகத்தில் எதுவும் காட்டாமல் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

"சுன்னா... கை இர்க்கு மேடம். ஆனா இல்ல."

மரத்துப்போவது. அவர்கள் பாஷையில் சுன் என்றால் மரத்துப்போவது.

டாக்டரம்மா அவனை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். சொன்னான். அவர் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் வாங்கிவந்து நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் புள்ளைகிட்ட நான் என்ன சொன்னேன்? நீ கேட்டது தமிழ், அவ சொன்னது வேறன்னு எவ்வளவு பெருமையாச் சொன்னேன்" என்றார். நர்ஸைச் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

மில்லிலிருந்து வந்த சூப்பர்வைசர் ஆறுதல் சொன்னார். "மனசுல வெச்சுக்காதீங்க டாக்டர். பிரஷராம். யாருக்கு எப்ப வரும்னு சொல்ல முடியுமா?"

"பிரஷர் பாக்காம அனுப்பினது யாரு?"



கிளினிக் மறுபடி திறந்தபோது விசிறி ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அதை நிறுத்தவில்லை. யார் வந்தாலும், காலில் முள் குத்தி வந்தாலும், முதலில் பிரஷர் பார்த்தார். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, சாப்பிட்டாயா, அவ்வளவுதான். கண்ணை மூடுவதே இல்லை. நான் தடுப்புக்கு இந்தப்பக்கம் இருந்து காத்துக் காத்துப் பார்ப்பேன். அந்தக் கேள்வி வரவே வராது. ஜனங்களுக்கு என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. ஆட்டுக்காரர் ஒருநாள் மருந்துச் சீட்டை வாங்கிய பிறகும் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி?"

"என்கிட்ட மட்டும் சத்தம் கேக்கலியே டாக்டரம்மா. நான் பஸ்ஸுல வரும்போதே யோசிச்சு வெச்சுட்டு வந்தேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. எனக்குக் கேக்கத் தெரியல."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுந்து போய்விட்டார்.

பிர்ஜுவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மில் ஹாஸ்டலில் படுக்கையாளை வைத்துக்கொள்ள முடியாது. ரயிலில் அவ்வளவு தூரம் கொண்டுபோகவும் முடியாது. ஊரிலிருந்து அவர் மனைவி வந்து சேர்ந்தாள். டாக்டரம்மா கிளினிக்குக்குப் பின்னால் ஒரு அறை பிடித்துக் கொடுத்தார். அவர்கள் வந்த அன்று மாலை அங்கே போனார். நானும் போனேன். சுக்தேவை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னார். உன் வீட்டுக்காரர் முந்தின நாள் என்னிடம் வந்தார். கை மரத்துப்போனதைச் சொன்னார். நான் அதை வலி என்று எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டேன். அன்றைக்கே தெரிந்திருந்தால் இந்த அளவுக்கு ஆகாமல் தடுத்திருக்கலாம்.

சுக்தேவ் பாதி சொல்லிவிட்டுத் தயங்கினான். "முழுசாச் சொல்லுப்பா" என்றார்.

அந்தப் பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, திட்டவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். சுக்தேவ் அதைத் தமிழில் சொன்னான்.

"எப்ப பேசும் கேக்குது."

"தெரியலம்மா" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் மதியம், நோயாளிகள் எல்லாம் போன நேரத்தில், அந்தப் பெண் பிர்ஜுவைத் தோளில் தாங்கிக்கொண்டு கிளினிக் வாசலில் வந்து நின்றாள். பேச வைத்துக் கொடு என்று யாரிடம் கேட்கவேண்டுமோ அவரிடம் கேட்க வந்துவிட்டாள்.

கைக்கும் காலுக்கும் பயிற்சி கொடுக்க ஆள் கிடைத்தது. பேச்சுக்கு ஊரில் யாரும் இல்லை. டாக்டரம்மா மதுரையில் இருந்த ஒரு டாக்டர் தோழியிடம் போனில் மணிக்கணக்காகப் பேசினார். யோசித்துச் சொல்லவேண்டிய வார்த்தைகள்தான் சிக்கிக்கொள்ளும், பாட்டு, வசவு, சின்ன வயதிலிருந்து வாய்க்குப் பழகிய சத்தங்கள் சில பேருக்கு வேறு வழியாக வெளியே வந்துவிடும், அங்கிருந்து ஆரம்பித்துப் பார் என்று தோழி சொன்னாராம்.

"பாட்டு எனக்கு வராது. வசவு வேண்டாம்" என்றார் டாக்டரம்மா என்னிடம். "சத்தம்தான் மிச்சம்." மறுபடியும் அதைத் தொட அவருக்குப் பயமாக இருந்தது. முகத்தில் தெரிந்தது.

அன்று மதியம் அவர் விசிறியை நிறுத்தினார். பிர்ஜுவின் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மாடு மாதிரிக் கத்தினார். ஆடு மாதிரிக் கத்தினார். நாய், பூனை, காக்கா. பிர்ஜு சுவரைப் பார்த்தார். மாடியில் தையல் மிஷின் நின்றது. தையல்காரர்கள் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். மறுநாளும் கத்தினார். அதற்கு மறுநாளும். அந்தப் பெண் மூலையில் தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்ப்பாள். டாக்டரம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நான் கேட்டும் கேட்காத மாதிரி வருவேன்.

சில வாரங்கள் அப்படியே போயின. பிர்ஜுவின் வாயிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. ஒருநாள் நானே, "போதும்மா, உங்க தொண்டை போயிரும்" என்றேன். "போட்டும்" என்றார்.

அன்றைக்குச் சேவல். அதுவரை அவர் சேவல் கத்தியதில்லை. எழுந்து நின்று, இரண்டு கையையும் இடுப்பில் மடக்கி, கழுத்தை நீட்டிக் "கொக்கரக்கோ" என்றார். கரகரத்த குரலில் அது பாதியில் உடைந்து கீச்சென்று போனது. மூலையிலிருந்து ஒரு சத்தம். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். வந்த நாளிலிருந்து முதல் தடவை. முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டும் அடங்கவில்லை.

பிர்ஜு சுவரிலிருந்து திரும்பினார். மனைவியைப் பார்த்தார். டாக்டரம்மாவைப் பார்த்தார். கோணிய வாய் அசைந்தது. தலையை இல்லை என்று ஆட்டினார்.

"கு" என்றார்.



"குக்... குக்டூ."

டாக்டரம்மா மெல்ல உட்கார்ந்தார். வேண்டுமென்றே, மிகத் தெளிவாக, "கொக்கரக்கோ" என்றார்.

பிர்ஜுவுக்குக் கோபம் வந்துவிட்டது. இடது கையால் நாற்காலிக் கைப்பிடியில் ஓங்கி அடித்தார். "குக்டூ கூ" என்றார். எச்சில் வழிந்தது. "குக்டூ கூ."

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு மட்டும் குலுங்கியது.

"சரிப்பா" என்றார் டாக்டரம்மா. "உங்க ஊர்ச் சேவல் அப்படித்தான் கூவும்னா அப்படியே கூவட்டும். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் தப்பாகச் சொல்வதுதான். தவளையைக் கொர் கொர் என்பார். பிர்ஜு டர் டர் என்று திருத்துவார். காக்காவைக் கா கா என்பார். பிர்ஜு காவ் காவ் என்பார். நாய்க்கு லொள் லொள் என்றால் அவருக்கு வெறுப்பே வந்துவிடும், பௌ பௌ என்பார். அந்தப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். எவ்வளவு வேலை இருந்தாலும் மதியம் நான் லேப் கதவைத் திறந்துவைத்துக்கொள்வேன். மழைக்கு அவர்கள் ரிம்ஜிம் என்றதும் டாக்டரம்மா சண்டைக்கே போனார். "அது உங்க ஊரு மழை. நம்ம ஊர்ல மழை அவ்வளவு நாகரிகமா வராது. வந்தா சடசடன்னு ரெண்டு போடு போட்டுட்டு ஓடிரும்." சுக்தேவ் அதைச் சொன்னதும் பிர்ஜு கோணிய வாயால் சிரித்தார். சத்தத்துக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வார்த்தை வந்தது. முதலில் தண்ணீருக்குப் பானி. பிறகு தம்பியின் பெயர். மனைவியின் பெயரை அவர் சொன்ன அன்று எங்களை எல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டாள்.

கிளினிக்கிலும் விசிறி மறுபடி நின்றது. ஆனால் பழைய மாதிரி இல்லை. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு அத்தோடு விட மாட்டார். "அப்படின்னா உங்க வீட்ல என்ன அர்த்தம்? செஞ்சு காட்டு. நான் தொட்டாத் தெரியுதா? கிள்ளினா?" என்று நாலு கேள்வி கேட்பார். பக்கத்து வீட்டுக்காரராகவே இருந்தாலும் கேட்பார். நேரம் அதிகமானது, பெஞ்சில் கூட்டம் சேர்ந்தது, ஜனங்கள் முணுமுணுத்தார்கள். முள்ளும் பஞ்சும் விளையாட்டை அவர் அதன்பிறகு யாரிடமும் ஆடவில்லை. மேஜை இழுப்பறையில் பஞ்சு மட்டும் கிடந்தது. ஊசி போட எடுத்துக்கொண்டோம்.

நான் இப்போது மதுரையில் ஒரு பெரிய லேபில் இருக்கிறேன். டாக்டரம்மா கொரோனாவின் இரண்டாவது அலையில் போய்விட்டார். கடைசிவரைக்கும் கிளினிக்கைச் சாத்தவில்லை என்று சொன்னார்கள். என்னால் போக முடியவில்லை. யாராலும் போக முடியவில்லை. அவரை நினைக்கும்போது எனக்கு வருவது வேறொரு நாள்.

பிர்ஜு ஊருக்குக் கிளம்பிய நாள். தை மாதம், வெயில் இதமாக இருந்தது. கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தார். பேச்சு முக்கால்வாசி வந்திருந்தது, அவசரப்பட்டால்தான் சிக்கும். வலது கை மட்டும் அப்படியேதான் இருந்தது. பயிற்சி கொடுத்தவர், இனிமேல் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். நானும் டாக்டரம்மாவும் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். சுக்தேவ் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். டாக்டரம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று, பிரஷர் மாத்திரையைப் பற்றி அந்தப் பெண்ணிடம் பத்தாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தலையாட்டினாள்.

வண்டி நகரப்போகும் சமயத்தில் அவள் கணவரின் வலது கையைத் தூக்கி, ஜன்னல் கம்பிக்கு நடுவே வெளியே நீட்டி, டாக்டரம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். பிர்ஜு கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நெற்றி நரம்பு புடைத்தது. டாக்டரம்மாவும் ஏனோ கண்ணை மூடிக்கொண்டார். வண்டி நகர்ந்தது, இரண்டு அடி அவரும் கூடவே நடந்தார், பிறகு கை விடுபட்டது.

கடைசிப் பெட்டி போகும்வரை நின்றோம். வெளியே வந்து ஆட்டோ ஏறினோம். அவர் வாட்ச் கட்டிய கையை மடியில் மல்லாத்தி வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அழுத்தினான்ட்டி செல்வி" என்றார்.

"அப்படியாம்மா?"

"ரொம்ப லேசா. ஆனா அழுத்தினான். எனக்குத் தெரிஞ்சுது."

கிளினிக் வாசலில் பெஞ்சு நிறைந்திருந்தது. தாமதமாகிவிட்டது என்று சிலர் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார்கள். அவர் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கை கழுவாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கழுவிவிட்டு, "முதல் ஆளை வரச் சொல்லு" என்றார்.